வேலியா, மூடியா, அலாரமா, இல்லை மண்ணைக் கொட்டித் தூர்த்துவிடலாமா?

போன வருடம் என் தம்பி மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய வீடு வாங்கினான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், இந்தப் பக்கம் நீச்சல் குளம். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்து, பொதுக் குழாயடியில் வாளி வைத்துக் குளித்த குடும்பம் எங்களுடையது. அதனால் வீட்டுப் பத்திரம் கைக்கு வருவதற்கு முன்பே குளத்தின் படம் குடும்ப வாட்சாப் குழுவுக்கு வந்துவிட்டது. 24 அடி நீளம், 12 அடி அகலம், ஒரு முனையில் 3 அடி ஆழம், மறுமுனையில் 5 அடி. தம்பிக்கு வேலை ஷா ஆலாமில். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் எல்லாரும் வந்து கூட ஒரு வீடு, மற்ற நாளில் ஹோம்ஸ்டேயாக வாடகைக்கு விடலாம் என்பது அவன் கணக்கு. சாவி என்னிடம், ஏனென்றால் நான்தான் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறேன்.

புதுமனை புகுவிழா அன்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். மதியம், பெண்கள் எல்லாம் சமையலறையில், ஆண்கள் எல்லாம் முன்வாசல் கூடாரத்தில், தம்பி மகனுக்கு அப்போது மூன்று வயது. யாரோ தண்ணீரில் போட்டிருந்த கதம்பத்தை எடுக்கப் பிள்ளை குளத்தின் இரண்டாவது படியில் நிற்கிறான், தண்ணீர் இடுப்பு வரைக்கும். கறிவேப்பிலை பறிக்கப் போன என் சித்திதான் பார்த்துத் தூக்கினார். பின்கதவை யார் திறந்துவிட்டது என்று ஒரு பெரிய விசாரணை நடந்தது. ஒருவரும் திறக்கவில்லை. நம் வீடுகளில் சமையலறைப் பின்கதவு எப்போது மூடியிருந்தது?

அன்று சாயங்காலமே குடும்பம் நாலாகப் பிரிந்துவிட்டது. அம்மா கட்சி: பெரியவர்கள் பார்த்துக்கொண்டால் போதும், காசைக் கரியாக்காதீர்கள். தம்பி கட்சி: ஆன்லைனில் ஒரு அலாரம், ஒரு மூடி, முடிந்தது வேலை. அவன் மனைவி கட்சி: நாலு பக்கமும் வேலி. மாமா கட்சி: தூர்த்துவிட்டு வெண்டைக்காய் போடு. ஆறு மாதம் இதைப் பேசிப் பேசி, படித்து, கிரில் கடைக்காரர்களிடம் விலை கேட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அம்மா கட்சி. இதை லேசாகத் தள்ள முடியாது, ஏனென்றால் அம்மா சொன்ன உதாரணம் அப்படி. விடிகாலையில் ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போகும்போது எங்களை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். "ஒரே ஒரு ஆயா இருபது பிள்ளைகளைப் பார்த்துச்சு. நீங்க பத்து பேர் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்க்க முடியலையா?" நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆயாவுக்கு வேறு வேலை கிடையாது. அவருக்குச் சம்பளமே பார்ப்பதற்குத்தான். நாங்கள் பத்து பேர் என்பதுதான் எங்கள் பிரச்சினை, அத்தை பார்க்கிறார் என்று சித்தி நினைக்க, சித்தி பார்க்கிறார் என்று நான் நினைக்க, கடைசியில் பார்ப்பதற்கு ஆளே இல்லை. இன்னொன்று, இதை அம்மாவிடமே கேட்டேன்: ஆயாக் கொட்டகைக்கு அரைக் கதவு இருந்ததா இல்லையா? இருந்தது. வெளியிலிருந்து கொண்டி போட்டது. அவ்வளவு கெட்டிக்கார ஆயாவுக்கே ஒரு கதவு தேவைப்பட்டிருக்கிறது.

மூழ்கும் பிள்ளை கத்தும், கையை வீசும், தண்ணீரை அடிக்கும், நமக்குக் கேட்கும் என்று நம்புகிறோம். உண்மையில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அரை வினாடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கூப்பிட இருக்காது. ஒன்றிரண்டு நிமிடத்தில் நினைவு தப்பிவிடும், வாசலில் வந்த விருந்தாளியிடம் 'வாங்க வாங்க, சாப்பிட்டாச்சா' என்று கேட்டு முடிக்கும் நேரம் அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை. இதில் ஆறு, குட்டை, வெள்ளம் எல்லாம் சேர்த்திதான், வீட்டுக் குளம் மட்டும் அல்ல. ஆனால் பிள்ளை மூழ்கும் விதம் எங்கேயும் ஒன்றுதான்.

ஆகவே கண்காணிப்பு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருந்தால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், போனைக் கையில் எடுக்காமல். நாங்கள் இப்போது ஒரு சிவப்புத் துண்டு வைத்திருக்கிறோம், அதைத் தோளில் போட்டிருப்பவர்தான் அந்த நேரத்து ஆயா. எழுந்து போகவேண்டும் என்றால் துண்டை இன்னொருவர் தோளில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். விளையாட்டாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது. ஆனாலும் இது பிள்ளைகள் குளத்தில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்த நேரத்துக்குத்தான். தம்பி மகன் படியில் நின்றபோது அது குளிக்கும் நேரமே அல்ல. யாரும் நினைத்துப் பார்க்காத நேரத்தில் எது காப்பாற்றும், அதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. பிரான்சில் 2003 ஜனவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், வீட்டுக் குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, முழுக்க மூடும் கூரை ஆகிய நாலில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று. என் தம்பி அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் துள்ளிக்கொண்டிருந்தான். ஆஸ்திரேலியாவில் அந்த மாதிரி பேரம் கிடையாது, வேலி போட்டே ஆகவேண்டும். நான் ஆஸ்திரேலியா பக்கம். காரணம் எளிது: அலாரத்தை ஒருவர் ஆன் செய்யவேண்டும், மூடியை ஒருவர் இழுத்து மூடவேண்டும், வேலி சும்மா நின்றுகொண்டிருக்கும்.

மூடியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதும் ஆளை ஏமாற்றுவதும் அதுதான். நீல நிறத்தில் குமிழ் குமிழாக இருக்கும் மெல்லிய விரிப்பு, தண்ணீர் மேல் மிதக்கும். அது வெயிலில் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கவும் ஆவியாகாமல் தடுக்கவும் செய்தது, குளிர் நாட்டுக்காரர்களுக்கு. நம் ஊரில் தண்ணீரைச் சூடாக்கி என்ன செய்யப் போகிறோம்? பிள்ளை அதைத் தரை என்று நினைத்துக் காலை வைத்தால் உள்ளே போய்விடும், விரிப்பு மேலே மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதைவிடத் திறந்த குளமே மேல் என்பேன்.

உண்மையான பாதுகாப்பு மூடி வேறு சாதி. சுற்றிலும் தரையில் அடித்த கொக்கிகளில் இழுத்துக் கட்டுவது அல்லது மோட்டாரில் தண்டவாளத்தில் ஓடுவது. அமெரிக்கத் தர விதிப்படி இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும் விழுந்தால் தாங்கவேண்டும். நல்ல பொருள்தான், விலையும் அதற்கு ஏற்ற மாதிரி. ஆனால் சுங்கை சிப்புட் மழையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டினால் மூடியின் நடுவில் தண்ணீர் தேங்கும். கைக்குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீரே போதும், அது மூடியின் மேல் இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன. அப்புறம் டெங்கி. ஒரு வாரம் வீடு பூட்டிக் கிடந்தால் அந்தத் தேக்கத்தில் ஏடிஸ் கொசு குஞ்சு பொரித்துவிடும், சுகாதார இலாகா சோதனைக்கு வந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அபராதமும் வரும். தண்ணீர் வடியும் வலை மாதிரி மூடி இருக்கிறது, அது இந்த இரண்டுக்கும் பரவாயில்லை. ஆனாலும் குளித்துவிட்டு வந்து, ஈரத் துணியோடு, பிள்ளைகள் பசி என்று கத்தும்போது, சுற்றி முப்பது கொக்கியை மாட்டப் போவது யார்? முதல் மாதம் மாட்டுவோம். ஹோம்ஸ்டேக்கு வரும் ஆட்கள் முதல் நாளே மாட்டமாட்டார்கள்.

அலாரம் இரண்டு வகை. ஒன்று தண்ணீரில் வைப்பது, ஏதாவது விழுந்தால் கத்தும். விழுந்த பிறகு கத்தும் என்பதைக் கவனியுங்கள். அதைக் கேட்டு ஓட வீட்டில் ஆள் இருக்கவேண்டும், பேட்டரி இருக்கவேண்டும், பலத்த மழையும் காற்றும் அதைக் கிளப்பிக் கிளப்பி நாமே எரிச்சலில் அணைத்து வைத்திருக்கக் கூடாது. நம் ஊர்க் கடைத்தெருவில் ராத்திரி திருட்டு அலாரம் அடித்தால் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்? இன்னொன்று கதவில் வைப்பது, கதவு திறந்தால் கத்தும். இது எனக்குப் பிடித்தது. மலிவு, சின்னது, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பிள்ளை தண்ணீருக்குப் போகும் முன்பே சொல்கிறது. வேலிக்குப் பதிலாக அல்ல, வேலிக்குத் துணையாக. தம்பியைச் சமாதானப்படுத்த இது ஒரு நல்ல வழியாகவும் இருந்தது.

சரி, வேலி. இங்கேதான் நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள், நாங்களும் போட்டோம். 'மூன்று பக்கம் மதில் இருக்கிறதே அக்கா, நாலாவது பக்கம் வீடு, ஏற்கெனவே வேலி இருக்கிற மாதிரிதானே' என்றான் தம்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது வேலி. நம் பிள்ளைக்கு அது வேலியே அல்ல, ஏனென்றால் நம் பிள்ளை இருப்பது அந்த நாலாவது பக்கத்துக்குள், சமையலறையில். வீட்டையே ஒரு பக்கமாக வைத்த வேலியையும் குளத்தை மட்டும் தனியாக நாலு பக்கமும் அடைத்த வேலியையும் ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கின்றன, நாலு பக்க வேலிதான் தெளிவாக மேல் என்று வந்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

எங்கள் குளத்தைச் சுற்றி நாலு அடி இடம் விட்டு வேலி போட்டால் 32 அடிக்கு 20 அடி, மொத்தம் 104 அடி. கிரில் கடைக்காரர்கள் அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள், ஆகவே முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். எதில் செய்வது? இரும்பு மலிவு, ஆனால் குளோரின் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் துருப்பிடிக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சாயம் அடிக்க யார் இருக்கிறார்கள். அலுமினியம் கூடுதல் விலை, ஆனால் மறந்துவிடலாம். கண்ணாடி அழகு, விலை கேட்டவுடன் கடையைவிட்டு வந்துவிட்டோம். தரையில் துளை போட்டுக் கம்பத்தைச் செருகும் துணி வலை வேலி ஒன்று இருக்கிறது, கழற்றி வைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை, என்னைக் கேட்டால் அதன் குறையும் அதுதான். மதிலுக்கு அடிக்கும் கம்பி வலையைப் போடலாமா என்று மாமா கேட்டார். கால் விரல் நுழையும் ஓட்டை உள்ள எதுவும் பிள்ளைக்கு ஏணி.

ஏணி என்றதும் ஞாபகம் வருகிறது. முதலில் பேசிய கிரில்காரர் கொண்டுவந்த மாதிரிப் படம் எல்லாம் பூ டிசைன், நடுவில் இரண்டு குறுக்குக் கம்பி. வாசல் கேட்டுக்கு அது அழகு. குளத்து வேலிக்குக் குறுக்குக் கம்பியே நடுவில் கூடாது, நெட்டுக் கம்பிதான், இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உயரம் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நாலு அடி. 'எல்லாரும் இப்படித்தான் கேட்கிறாங்க' என்று அவர் பிடிவாதம் பிடிக்க, வேறு ஆளிடம் போனோம். கேட் வெளிப்பக்கம் திறக்கவேண்டும், குளத்துப் பக்கம் அல்ல, பிள்ளை சாய்ந்து தள்ளினாலும் திறக்காது. கையை விட்டவுடன் தானாக மூடி, தானாகக் கொண்டி விழவேண்டும். கொண்டி 1.5 மீட்டர் உயரத்தில். இந்தக் கேட் கீலுக்கும் கொண்டிக்கும் மட்டும் காசு பார்க்காதீர்கள், வேலி முழுக்க மலிவாகச் செய்தாலும் அதை நல்லதாக வாங்குங்கள், ஏனென்றால் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்த கேட்டுக்கும் வேலியே இல்லாததற்கும் வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலிய விதி இன்னொன்றும் சொல்கிறது: வேலியை ஒட்டி 90 சென்டிமீட்டருக்குள் ஏறுவதற்கு எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் பின்வாசலைச் சுற்றிப் பார்த்தேன். பூத்தொட்டி வரிசை, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின், பிளாஸ்டிக் நாற்காலி, துணி காயப்போடும் கம்பம், அம்மா உட்கார்ந்து மீன் கழுவும் முக்காலி. எல்லாம் ஏணி.

நீச்சல் சொல்லிக் கொடுத்துவிட்டால் வேலி எதற்கு என்று ஒரு அண்ணன் கேட்டார். ஈப்போவில் வகுப்பு இருக்கிறது, எங்கள் வீட்டு ஆறு வயதுப் பெண்ணைச் சேர்த்தும் விட்டோம், ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கும் முறையான பயிற்சி ஆபத்தைக் குறைக்கிறது என்று 2009இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆனால் உடுப்போடு, பயத்தோடு, தெரியாமல் விழும் மூன்று வயதுப் பிள்ளை வகுப்பில் நீந்திய மாதிரி நீந்தும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுச் சாமான், அதை நம்பி ஒரு அடி தள்ளிக்கூட உட்காராதீர்கள்.

மாமா கட்சியையும் மரியாதையாகக் கேட்டோம். தண்ணீரை மட்டும் வடித்துவிட்டுச் சும்மா விடுவது தூர்ப்பது ஆகாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து அடிப் பள்ளத்தில் பிள்ளை விழுந்தால் அதுவே போதும், அப்புறம் இரண்டு மழைக்கு அடியில் தண்ணீர், கூடவே கொசு. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் காலிக் குளம் அடியிலிருந்து அழுத்தம் தாங்காமல் விரிசல் விடும், மேலே எழும்பக்கூடச் செய்யும். சரியாகத் தூர்ப்பது என்றால் அடித்தளத்தில் ஓட்டை போட்டு, மேல் விளிம்பை உடைத்து, கல்லும் மண்ணும் படிப்படியாகக் கொட்டி இறுக்கவேண்டும். ஓட்டை போடாவிட்டால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் மண் சேறாகவே கிடக்கும். எங்கள் குளத்துக்கு 33 கன மீட்டர் மண் வேண்டும், லோரி உள்ளே வர ஒரு பக்க மதிலை உடைக்கவேண்டும். நகராண்மைக் கழகத்திலும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலி போடக் காசு இல்லை, குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை என்றால், மாமா சொன்னதுதான் சரி. தீபாவளிக்கு மட்டும் தண்ணீர் வேண்டும் என்றால் ஒரு காற்றடைத்த பிளாஸ்டிக் குளம் போதும், ஆனால் பிள்ளைகள் எழுந்த மறு நிமிடமே கவிழ்த்துவிடவேண்டும், ராத்திரிக்கு விட்டுவைக்கக் கூடாது.

வேலி தடுக்காத சில விஷயங்களும் இருக்கின்றன, அவற்றையும் வரிசையில் பார்க்காமல் போகிற போக்கில் சொல்கிறேன். குளத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டை மூடி உடைந்திருந்தால் அன்று குளத்துக்கு லீவு. 2002இல் அமெரிக்காவில் ஒரு ஏழு வயதுப் பிள்ளை அந்த உறிஞ்சலில் சிக்கி இறந்த பிறகுதான் 2007இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. நீண்ட முடியைப் பின்னிக் கட்டுங்கள். பம்ப், விளக்கு வயரிங் பழைய வீட்டில் எப்படி இருக்கும் என்று தெரியாது, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்தோம். குளோரின் வாளியைப் பூட்டி வையுங்கள், இரண்டு வகைக் குளோரினை ஒரே வாளியில் கலக்காதீர்கள், ஆசிட் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள், மருந்தைத் தண்ணீரில் போடவேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இடி கேட்டால் எல்லாரும் வெளியே, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம்.

அப்புறம் சிபிஆர், அதாவது மூச்சும் இதயமும் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி. நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது திடீரென்று இதயம் நின்று விழும் பெரியவருக்கு. மூழ்கியவருக்குக் குறை காற்றுதான், ஆகவே வாய் வழியாக மூச்சும் கொடுக்கவேண்டும். செயிண்ட் ஜான் ஆம்புலன்சும் செம்பிறைச் சங்கமும் வகுப்பு நடத்துகிறார்கள், தம்பியும் அவன் மனைவியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். கேட்டில் அவசர எண் 999 என்று பெரிதாக எழுதி, பக்கத்திலேயே வீட்டு முகவரியும் எழுதி மாட்டியிருக்கிறோம், வாடகைக்கு வருபவருக்கு முகவரி தெரியாது என்பது கடைசி நேரத்தில்தான் உறைத்தது.

ஆக எங்கள் முடிவு: நாலு பக்கமும் அலுமினிய வேலி, சமையலறைக் கதவுக்கு அலாரம், சிவப்புத் துண்டு. மூடி வாங்கவில்லை. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் என்றால் வேலிக்கே போடுங்கள், அதற்குக் காசு சேரும் வரை பின்கதவில் உயரமாக ஒரு தாழ்ப்பாளும் அலாரமும். வேலி போன மாதம் நின்றுவிட்டது. பூத்தொட்டியும் பெயின்ட் டின்னும் முன்பக்கம் போய்விட்டன. துணிக் கம்பத்தை மட்டும் அம்மா நகர்த்த விடவில்லை, மத்தியான வெயில் அங்கேதான் விழுகிறதாம். சனிக்கிழமை போய்ப் பேசவேண்டும், கறிவேப்பிலை மரத்தைத் தொடமாட்டோம் என்று முதலில் சொல்லிவிட்டு.